இரண்டு மில்லிமீட்டர்

முதலில் கடல் விழும்.
வெள்ளைத் துணிமேல் ஒரே இழுப்பு.
எந்த நீலம் என்பதற்கு
பையர் அனுப்பிய அட்டையில் எண் இருக்கிறது.
அப்புறம் பாறை. பாறைமேல் பைன் மரம்,
மரத்துக்குள் ஓடு வேய்ந்த நாலு வீடு,
எலுமிச்சைக்கென்றே தனியாக ஒரு மஞ்சள்.
கடைசி ஸ்கிரீன் பாதை:
மயிரிழை வெள்ளை
மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு
கடலில் விழாமல் போகிறது.

பன்னிரண்டாயிரம் உருப்படி.
இத்தாலிப் பக்கம் ஏதோ ஒரு கரையில்
நடப்பதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்களாம்,
அவர்கள் போட்டுக்கொண்டு நடக்க.
"வேல வெட்டி இல்லீங்களா அவீகளுக்கு?"
என்றாள் செக்கிங் மேசைப் பூவாத்தாள்.
நாங்களும்தான் நடக்கிறோம்,
மேசையின் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்.
ஒரு ஷிப்டுக்குப் பதினொரு கிலோமீட்டர் என்று
ஜெனாவின் போன் கணக்குச் சொன்னது.
எல்லாம் சமதளம்.

எதிர்ப்பக்கம் சட்டம் பிடிப்பவன் அவன்.
ஒடிசா, கடலோரம்.
"இது கடல் கலரே இல்லண்ணா."
"பின்ன?"
"மண்ணு கலர். கோவம் வந்தா சாம்பல்."
அவன் ஊர்ப் பள்ளிக்கூடமும் ரெண்டு தென்னந்தோப்பும்
இப்போது கடலுக்குள் இருக்கின்றன.
அதைச் சொல்லும்போது
ஸ்குவீஜியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை நைட் ஷிப்டில் சட்டம் நழுவியது.
இரண்டே மில்லிமீட்டர்.
நானூறு சட்டைகளில்
பாதை மலையை விட்டு இறங்கி
தண்ணீர்மேல் போய்விட்டது.
என் பக்கமா, அவன் பக்கமா
என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூட்டை கட்டினார்கள்.
ஆளுக்கொன்று எடுத்துக்குங்க என்றார் மேனேஜர்,
சம்பளத்தில் பிடித்தது போக.

ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு
காங்கயம் பஸ், அப்புறம் தாராபுரம் பஸ்,
ஊதியூரில் இறங்கினோம்.
கோயில்வரை படி.
அதற்குமேல் ஆட்டுக்கால் போன வழிதான் வழி.
பொரிப் பாக்கெட்டைக் குரங்கு வாங்கிக்கொண்டது,
கேட்டெல்லாம் வாங்கவில்லை.
ஒன்பது மணிக்கே கல் சுட்டது.
கிளுவை முள் என் சட்டையைப் பிடித்திழுத்ததில்
சரியாகப் பாதையிலேயே கிழிசல்.

பாதி ஏற்றத்தில் ஜெனா உட்கார்ந்துவிட்டான்.
"எங்க ஊர்ல மேடே கிடையாதுண்ணா.
மேடு வேணும்னா கூரைமேல ஏறணும்."
எந்த மாதிரி நாளில் ஏறுவார்கள் என்று
நான் கேட்கவில்லை.
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
அவன் குடித்த அளவு பார்த்து
நான் குறைத்துக் குடித்தேன்.

உச்சி.
கீழே கொறங்காடு கொறங்காடாக
வேலி போட்ட தரை,
நடுநடுவே வெள்வேல் மரம்,
மரத்துக்கொரு நிழல், நிழலுக்கு நாலு மாடு.
தெற்கே காற்றாலைகள்
யாரையோ கூப்பிட்டபடி.
கடல் இல்லை.
எங்கள் நாட்டுக்கு எந்தத் திசையிலும் கடல் இல்லை,
உப்பே வண்டி ஏறி வந்ததுதான்.

ஆனால் ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்த காற்று
நிற்காமல் வந்து எங்கள்மேல் மோதியது.
அந்தப் பக்கம் கடலில் கிளம்பிய காற்று
என்று சொன்னேன்.
ஜெனா கண்ணை மூடி
நாக்கை லேசாக வெளியே நீட்டிப் பார்த்தான்.
நான் காத்திருந்தேன்.
"உப்பு இல்ல" என்றான்.
கொஞ்சம் கழித்து, "நல்லதுதான்."

சட்டை இரண்டும் முதுகில் உப்பிப் படபடத்தன.
அவன் நெஞ்சில் அந்த வெள்ளைக் கோடு
கடல்மேல் நெளிந்து நெளிந்து
முழுகாமல் இருந்தது.

இறங்கும்போது ஆடு மேய்க்கும் பையன் கேட்டான்:
"இது எந்த ஊருங்ணா?"
நான் யோசிப்பதற்குள் ஜெனா முந்திக்கொண்டான்:
"திருப்பூர்."

திங்கட்கிழமை வேறு ஆர்டர்.
பனி.
கெண்டைக்கால் விண்விண் என்று தெறிக்க
ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைத் தூக்கினோம்.
வெள்ளைத் துணிமேல்
வெள்ளை எப்படிண்ணா விழும்
என்றான்.